99 வீதம் ‘ஓம்’ எண்டால் நாளைக்கே பிளேன் நிக்குமோ?

2025 ஒகஸ்ட் தொடக்கம். தர்மபுரத்தில பெரியம்மா திண்ணையில இருந்து மா அரிச்சுக்கொண்டிருக்கிறா. மகள் ரொறன்ரோவில இருந்து பிள்ளையளோட வந்து நிக்கிறா, 15ஆம் திகதி மடுத் திருவிழா, ரெண்டு நாள் முதலே போய்க் கூடாரம் போட்டுத் தங்கிறதெண்டு பிளான், அதுக்குத்தான் இந்த மாவும் பலகாரமும். அந்த நேரம் பாத்துக் குடும்பக் குறூப்பில ஒரு வொய்ஸ் வந்து விழுந்தது. ஆரெண்டு சொல்லேல்லை, ஆனா ஆள் நல்ல உறுதியாச் சொல்லுறார்: “எயார் கனடாவில 99.7 வீதம் ஸ்ட்ரைக்குக்கு வோட்டு விழுந்திட்டுது, இனிக் கனடாப் பிளேன் ஒண்டும் ஓடாது, போறவை உடனே ரிக்கெற்றை மாத்துங்கோ.”

பெரியம்மா அரிதட்டைக் கீழ வச்சிட்டு என்னைப் பாத்தா. “அப்ப பிள்ளையள் இஞ்சயே நிக்கப்போகுதுகளோ?” கேட்ட தொனியில பயம் பாதி, சந்தோசம் பாதி.

மகளின்ர ரிக்கெற் டுபாய்க் கொம்பனியில. அங்க தொழிற்சங்கமே வைக்க விடமாட்டினம், ஸ்ட்ரைக் எங்கால வாறது. அதைச் சொல்லப் பெரியம்மா அடங்கீற்றா. ஆனா குறூப் அடங்கேல்லை, ரெண்டு நாளா அதே கதைதான். அப்பதான் எனக்கு விளங்கினது, வோட்டு எண்டா என்ன, ஸ்ட்ரைக் எண்டா என்ன, ரெண்டுக்கும் நடுவில எவ்வளவு தூரம் எண்டு எங்கட சனத்துக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை எண்டு. எனக்கும் முதல் தெரியாதுதான், தேடிப் பாத்துத்தான் தெரிஞ்சது. அதை இதில எழுதிவிடுறன்.

எங்கட முழக்கோலால அளக்கிறது

இஞ்ச ஸ்ட்ரைக் எண்டா எங்களுக்குத் தெரிஞ்சது என்ன? ராத்திரிச் செய்தியில ஒரு சங்கத் தலைவர் வந்து “நள்ளிரவு தொடக்கம் பணிப்புறக்கணிப்பு” எண்டு சொல்லுவார். காலமை பரந்தன் சந்தியில நிண்டா பஸ் வராது. இல்லாட்டி ஆஸ்பத்திரிக்குப் போனா ஓபிடி பூட்டு. சில நேரம் ஒரு டிப்போவிலயே ஒரு சங்கம் ஸ்ட்ரைக், மற்றச் சங்கம் வேலை, பாதி பஸ் ஓடும் பாதி ஓடாது. ஏனெண்டா எங்கட நாட்டில ஏழு பேர் சேந்தாலே ஒரு தொழிற்சங்கத்தைப் பதியலாம், 1935ஆம் ஆண்டுச் சட்டம் அப்பிடி. ஒரே வேலைத்தளத்தில நாலு கட்சிக்கு நாலு சங்கம் இருக்கும். ஒரு சங்கத்தோட முதலாளி கட்டாயம் பேசத்தான் வேணுமெண்டா அந்தச் சங்கத்தில தொழிலாளரில 40 வீதமாவது இருக்கவேணும் எண்டது 1999இல கொண்டுவந்த திருத்தம்.

பழைய ஆக்களுக்கு இன்னொரு ஞாபகமும் இருக்கு. 1980 யூலையில நடந்த பொது வேலைநிறுத்தத்தில ஜே.ஆர். அரசாங்கம் கிட்டத்தட்ட 40,000 பேரை வேலையால நிப்பாட்டினது. அந்தக் கதையைக் கேட்டு வளந்த வீடுகளில ஸ்ட்ரைக் எண்ட சொல்லே ஒரு இடி விழுற சத்தம் மாதிரி.

அப்ப “வோட்டுப் போட்டிட்டினம்” எண்டு கேட்ட உடனே இந்த ரெண்டு கணக்கையும் வச்சுத்தான் நாங்கள் அளக்கிறம். நாளைக்கு வண்டி நிக்கும், இல்லாட்டி எல்லாருக்கும் வேலை போகும். கனடா அமெரிக்காப் பக்கம் விமானக் கொம்பனியளில கதை அப்பிடி இல்லை. அங்க வோட்டு எண்ட ஒரே சொல்லுக்குள்ள மூண்டு வேற வேற வோட்டு இருக்கு. சங்கம் வேணுமோ எண்டு ஒரு வோட்டு, ஸ்ட்ரைக் செய்ய அனுமதி குடுக்கிறமோ எண்டு ஒரு வோட்டு, பேசி முடிச்ச ஒப்பந்தத்தை ஏற்கிறமோ எண்டு ஒரு வோட்டு. செய்தியில எல்லாத்துக்கும் ‘வோட்டு’ எண்டுதான் வரும், குழப்பம் அங்கதான் தொடங்குது.

முதலாவது வோட்டு: வராதவனை எந்தப் பக்கம் எண்ணுறது?

குளத்துக் கூட்டத்தை நினைச்சுக்கொள்ளுங்கோ. ஒரு கமக்காரர் அமைப்பில 120 பேர். சிறுபோகத்துக்கு எத்தினை ஏக்கர் விதைக்கிறதெண்டு கூட்டம். வந்தது 50 பேர். மிச்ச ஆக்கள் ஒருத்தர் செத்தவீடு, ஒருத்தர் மாடு தேடப் போனவர், கனபேர் ‘நான் வந்தென்ன வராட்டியென்ன’ கட்சி. வந்த 50இல 48 பேர் கை தூக்கினம். தீர்மானம் நிறைவேறினதோ இல்லையோ?

வந்தவையில பெரும்பான்மை காணும் எண்டா நிறைவேறீற்றுது. மொத்த அங்கத்தவரில பெரும்பான்மை வேணுமெண்டா 61 கை வேணும், 48 காணாது, தோத்துப்போச்சு. கை தூக்கினதும் அதே ஆக்கள், தூக்கினதும் அதே கைதான், கீழ வச்சுப் பிரிக்கிற எண்ணிக்கை மட்டும்தான் மாறினது.

இது விளையாட்டுக் கணக்கில்லை. அமெரிக்காவில ரயிலுக்கெண்டு 1926இல ஒரு தொழிற்சட்டம் போட்டு 1936இல விமானக் கொம்பனியளையும் அதுக்குள்ள சேத்துவிட்டினம், இண்டைக்கும் அந்தச் சட்டம்தான். அதின்ர கீழ ஒரு கொம்பனியில சங்கம் வாறதெண்டா ஒரு தொழில்ப் பிரிவு முழுக்க, அதாவது நாடு முழுக்க இருக்கிற அந்தக் கொம்பனியின்ர பைலட்மார் எல்லாரும், இல்லாட்டி விமானப் பணியாளர் எல்லாரும், ஒரே வோட்டில முடிவெடுக்கவேணும். வெண்டா அந்த ஒரு சங்கம்தான் எல்லாருக்கும் பேசும், எங்கட டிப்போ மாதிரி நாலு சங்கம் இல்லை. 2010 வரைக்கும் அந்த வோட்டுக்கு விதி, மொத்த ஆக்களில பாதிக்கு மேல ‘ஓம்’ வேணும். இன்னும் விசேசம் என்னெண்டா வோட்டுச் சீட்டில ‘வேண்டாம்’ எண்டு போட ஒரு கட்டமே கிடையாது. வேண்டாமெண்டா பேசாமல் வீட்டில இருந்தாக் காணும், உங்கட மௌனத்தை ‘வேண்டாம்’ எண்டு எண்ணுவினம். செத்தவீட்டுக்குப் போனவரும் மாடு தேடினவரும் எதிர்க்கட்சியாயிடுவினம்.

டெல்ரா கொம்பனியில 2008இல விமானப் பணியாளருக்குச் சங்கம் வைக்க வோட்டு நடந்தது. கிட்டத்தட்ட 40 வீதம் பேர்தான் வோட்டுப் போட்டவை, போட்டவை அனேகமா எல்லாருமே சங்கம் வேணுமெண்டுதான். தோத்துப்போச்சு. பேந்து 2010இல விதியை மாத்தினவை, இனிப் போட்ட வோட்டுக்குள்ள பெரும்பான்மை காணும், ‘வேண்டாம்’ எண்டும் சீட்டில கட்டம் வரும் எண்டு. அதே வருசம் திரும்ப வோட்டு. அதுக்குள்ள நோர்த்வெஸ்ட் கொம்பனியும் டெல்ராவோட சேந்திட்டுது, அவைக்கு ஏற்கெனவே சங்கம் இருந்தது. எல்லாரும் இந்தமுறை வெல்லும் எண்டுதான் நினைச்சவை, 328 வோட்டால தோத்தது. புது விதி சங்கத்துக்குச் சாதகம் எண்டு சொன்னவைக்கும் அது பாடம், நோர்த்வெஸ்ட் ஆக்கள் கையில இருந்த சங்கத்தையும் சேத்துத் துலைச்சதுதான் மிச்சம்.

லண்டன் பக்கம் இன்னொரு விதமான கணக்கு, அது சங்கம் வைக்கிற வோட்டுக்கில்லை, ஸ்ட்ரைக் வோட்டுக்கு. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதுக்கு ஒரு வாசல் வச்சது, வோட்டுரிமை உள்ளவையில பாதிப்பேராவது வோட்டுப் போட்டிருக்க வேணும் எண்டு. எங்கட 120 பேர்க் கூட்டத்தில இதைப் போட்டுப் பாருங்கோ. 59 பேர் வந்து 59 பேரும் ‘ஓம்’ எண்டா செல்லாது, பாதி வரேல்லை. அந்த நேரம் பாத்து ஸ்ட்ரைக் வேண்டாமெண்டு ஒருத்தர் சண்டைக்கு வந்து ‘இல்லை’ எண்டு போட்டாரெண்டா 60 ஆயிடும், தீர்மானம் செல்லும். எதிர்க்க வந்தவராலதான் வெண்டது. எனக்கு இதை முதல்தரம் கணக்குப் போட்டுப் பாக்கேக்க சிரிப்பு வந்தது, ரெண்டுதரம் சரிபாத்தன்.

இவ்வளவும் ஒரு வரியிலயெண்டா: எத்தினை வீதம் ‘ஓம்’ எண்டு கேக்க முதல், அது போட்டவையில வீதமோ மொத்த ஆக்களில வீதமோ எண்டு கேளுங்கோ.

ரெண்டாவது வோட்டு: சட்டைப் பையில இருக்கிற தீர்மானம்

இதுதான் குறூப்பில எல்லாரும் பயந்த வோட்டு.

நெல்லு வெட்டு முடிஞ்ச நேரம். ஆலைக்காரர் சொல்லுற விலை கட்டாது. கூட்டம் கூடி எல்லாருமாத் தீர்மானம் எடுக்கினம், விலை ஏத்தாட்டி ஒருத்தரும் நெல்லுக் குடுக்கிறேல்லை, எப்பத் தொடக்கம் எண்டதைத் தலைவர் செயலாளர் முடிவெடுக்கட்டும். அண்டைக்குப் பின்னேரமே ஆரும் மூட்டையைப் பூட்டி வைக்கிறேல்லை. தலைவர் அந்தத் தீர்மானத்தை மடிச்சுச் சட்டைப் பைக்குள்ள வச்சுக்கொண்டு ஆலைக்காரரிட்டப் போறார். போய் இருந்து பிளேன்ரீ குடிச்சுப் பேசிக்கொண்டிருக்கேக்க பை கொஞ்சம் வெளிய தெரியும். அவ்வளவுதான். ஆலைக்காரரும் அதைப் பாப்பார், பாத்தும் பாக்காத மாதிரி இருப்பார்.

ஸ்ட்ரைக் வோட்டு எண்டது அந்தப் பைக்குள்ள இருக்கிற கடதாசி. ஸ்ட்ரைக் செய்யத் தலைமைக்குக் குடுக்கிற அனுமதி. செய்யப்போறம் எண்ட அறிவித்தல் இல்லை.

அதாலதான் இந்த வோட்டு எப்பவும் 98, 99 எண்டு வாறது. ஸ்ட்ரைக் வேண்டாமெண்டு மனசுக்குள்ள நினைக்கிறவரும் ‘ஓம்’ எண்டுதான் போடுவார், ஏனெண்டா 60 வீதம் எண்டு வந்தா கொம்பனி சிரிக்கும், 99 எண்டு வந்தா கொம்பனி கதிரையை முன்னுக்கு இழுத்து இருந்து பேசும். ஸ்ட்ரைக் வராமல் இருக்கவேணும் எண்டு விரும்புறவருக்கும் 99 தான் நல்லது. அமெரிக்கன் எயார்லைன்ஸ் பணியாளர் 2023இல 99 வீதத்துக்கு மேல போட்டவை, ஸ்ட்ரைக் நடக்கேல்லை, 2024இல ஒப்பந்தம் வந்தது. எயார் கனடா பைலட்மார் 2024இல 98 வீதம், செப்ரெம்பரில கடைசி நேரத்தில பேசி முடிஞ்சது, ஒரு பிளேனும் நிக்கேல்லை. அந்த நேரமும் எங்கட குறூப்பில இதே மாதிரி ஒரு வொய்ஸ் வந்தது, ஆனா அது பிழைச்சுப் போனதை ஒருத்தரும் ஞாபகம் வச்சிருக்கேல்லை.

ஜேர்மனியில வெர்டி மாதிரிப் பெரிய சங்கங்களின்ர விதிப்படி காலவரையறை இல்லாத ஸ்ட்ரைக் எண்டா 75 வீதம் வேணும். ஒரு நாள், அரை நாள் எச்சரிக்கை ஸ்ட்ரைக்குக்கு அந்த வோட்டுத் தேவையில்லை, அதாலதான் பிராங்போட்டில திடீர் திடீரெண்டு ஒரு நாள் எல்லாம் நிக்கும், அடுத்த நாள் ஒண்டும் நடக்காத மாதிரி ஓடும்.

பைக்குள்ள இருந்து கடதாசி வெளிய வர எத்தினை நாள்?

கனடாவில படி படியா ஏறவேணும். பழைய ஒப்பந்தம் முடியிற நேரம் பேச்சு தொடங்கும். பேச்சு இறுகினா அரசாங்கம் ஒரு சமரச அதிகாரியைப் போடும், அவருக்கு 60 நாள். எங்கட ஊர் மத்தியஸ்த சபை தெரியும்தானே, வேலிச் சண்டை, கடன் சண்டையைக் கொண்டுபோனா ரெண்டு பக்கத்தையும் இருத்திப் பேசுவினம், ஆனா நீ இதைச் செய்தே ஆகவேணும் எண்டு தீர்ப்புச் சொல்ல அவைக்கு ஏலாது. சமரசம், மத்தியஸ்தம் எண்டா அதுதான். அதுவும் சரிவராட்டி 21 நாள் ஆறவிடுகிற காலம், சூடான சட்டியைத் தொடாமல் வைக்கிற மாதிரி. ஸ்ட்ரைக் வோட்டு இரகசிய வோட்டா, ஸ்ட்ரைக்குக்கு முந்தின 60 நாளுக்குள்ள நடந்திருக்க வேணும். எல்லாம் முடிஞ்சாப் பிறகும் 72 மணித்தியால முன்னறிவித்தல் குடுக்கவேணும். இந்த 72 மணித்தியாலம்தான் நீங்கள் பாக்கவேண்டிய மணி, வோட்டு இல்லை.

கொம்பனிக்கும் இதே உரிமை இருக்கு, அது கதவைப் பூட்டி ‘நீங்கள் வேலைக்கு வரவேண்டாம்’ எண்டு சொல்லுறது, அதுக்குக் கதவடைப்பு எண்டு பேர். அதுக்கும் 72 மணித்தியாலம்தான்.

2025இல எயார் கனடா விமானப் பணியாளர் விசயத்தில நடந்ததை வரிசையாப் பாத்தா விளங்கும். வோட்டு முடிவு ஒகஸ்ட் தொடக்கத்தில. அறிவித்தல் குடுத்தது 13ஆம் திகதி. ஸ்ட்ரைக் தொடங்கினது 16ஆம் திகதி ரொறன்ரோ நேரம் விடியப்புறம் ஒரு மணிக்குச் சற்று முன்னம், எங்கட கணக்கில அண்டைக்குக் காலமை பத்தரை, மடுவுக்குப் போன சனம் பஸ் ஏறித் திரும்பி வந்துகொண்டிருக்கிற நேரம். ஆனா கொம்பனி 14ஆம் திகதியே ஃபிளைட் கான்சல் பண்ணத் தொடங்கீற்றுது. ஏனெண்டு கனபேருக்குப் புரியேல்லை. பெரிய பிளேன் ஒண்டை ரோக்கியோவுக்கோ லண்டனுக்கோ அனுப்பிப்போட்டு அங்க நிக்கேக்க ஸ்ட்ரைக் தொடங்கினா பிளேன் அங்கயே மாட்டிப்போகும், ஆக்களும் மாட்டுப்படும். மழை வரப்போகுதெண்டா காயப்போட்ட நெல்லை முதலே கூட்டி அள்ளுறமெல்லோ, அதுதான்.

10,000க்கு மேல விமானப் பணியாளர், ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 130,000 பயணி எண்டு கொம்பனி கணக்குச் சொன்னது. பன்னிரண்டு மணித்தியாலம் கூட ஆகேல்லை, அமைச்சர் தொழிற்சட்டத்தின்ர 107ஆம் பிரிவை எடுத்தார். அது என்னெண்டா, தொழில்ச் சபையிட்டச் சொல்லி எல்லாரையும் வேலைக்குத் திருப்பி அனுப்பி, மிச்சச் சண்டையை நடுத்தீர்ப்புக்கு விடலாம். நடுத்தீர்ப்பு மத்தியஸ்தம் மாதிரி இல்லை, நடுவர் சொன்னா ரெண்டு பக்கமும் கட்டுப்படத்தான் வேணும். வழமையா இதோட முடியும். இந்தமுறை சங்கம் போகமாட்டம் எண்டிட்டுது, சபை ஸ்ட்ரைக் சட்டவிரோதம் எண்டும் சொன்னது, அப்பவும் போகேல்லை. 19ஆம் திகதி காலமை ஒப்பந்தம் வந்தது. இதைச் சிலர் துணிவு எண்டுகினம், சிலர் சட்ட மீறல் எண்டுகினம். நான் நினைக்கிறது, ஒவ்வொருமுறையும் அமைச்சர் வந்து காப்பாத்துவார் எண்டு தெரிஞ்சா கொம்பனி ஏன் முதல் நாள் இருந்து ஒழுங்காப் பேசப்போகுது?

அமெரிக்காவில இதைவிட இறுக்கம். அங்கயும் தேசிய மத்தியஸ்த சபை எண்டுதான் பேர், ஆனா எங்கட சபையில இருந்து எழும்பிப் போகலாம், அங்க சபை விட்டால்தான் போகலாம். எத்தினை மாசம் எத்தினை வருசம் இருத்தி வைக்கிறதெண்டு சட்டத்தில கணக்கில்லை. விட்டாப் பிறகு 30 நாள் ஆறவிடுகிற காலம். அதுக்குப் பிறகும் ஜனாதிபதி நினைச்சா ஒரு அவசரக் குழு போட்டு நிப்பாட்டலாம். 1997 பெப்ரவரியில அமெரிக்கன் எயார்லைன்ஸ் பைலட்மார் நள்ளிரவுக்கு ஸ்ட்ரைக் தொடங்கினவை, அரை மணித்தியாலத்துக்குள்ள கிளின்ரன் நிப்பாட்டிப் போட்டார். அங்க பயணிகள் கொம்பனி ஒண்டில கடைசியா ஸ்ட்ரைக் எண்டு நடந்தது 2010 யூன் மாசம், ஸ்பிரிட் கொம்பனிப் பைலட்மார், அஞ்சு நாள். அதுக்குப் பிறகு 99 வீத வோட்டு எத்தினை வந்தது, ஒண்டும் ஸ்ட்ரைக் ஆகேல்லை.

“அமெரிக்காவில ஸ்ட்ரைக் செய்தா றேகன் மாதிரித் தூக்கிப்போடுவாங்கள்” எண்டு ஒரு அண்ணை எப்பவும் சொல்லுவார். 1981 ஒகஸ்டில றேகன் 11,000க்கு மேல ஆக்களை நிப்பாட்டினது உண்மை. ஆனா அவை விமானக் கொம்பனி ஆக்கள் இல்லை, கட்டுப்பாட்டுக் கோபுரத்தில இருந்து பிளேனுக்கு வழிகாட்டுற அரசாங்க ஊழியர், அவைக்கு ஸ்ட்ரைக் செய்யவே சட்டத்தில இடமில்லை. எங்கட எண்பதாம் ஆண்டுக் கதைக்குத்தான் அது கிட்ட.

இதில பிடிச்சுக்கொள்ளவேண்டியது: வோட்டுக்கும் ஸ்ட்ரைக்குக்கும் நடுவில நாள்க் கணக்கு இருக்கு, கனடாவில கடைசிப் படி 72 மணித்தியாலம், அமெரிக்காவில சபை விடாட்டி படியே இல்லை.

11 பழுதான வோட்டு

எண்ணிக்கை எவ்வளவு முக்கியம் எண்டதுக்குப் பிரிட்டிஷ் எயார்வேஸ் கதை ஒண்டு இருக்கு, எனக்குப் பிடிச்ச கதை.

2009 நத்தாருக்கு 12 நாள் ஸ்ட்ரைக் எண்டு விமானப் பணியாளர் சங்கம் அறிவிச்சது, 92 வீதத்துக்கு மேல ‘ஓம்’. நத்தார் நேரம் 12 நாள் எண்டா யோசிச்சுப் பாருங்கோ, லண்டன் முழுக்கத் தலையில கை வச்சது. கொம்பனி கோர்ட்டுக்குப் போய் ஒண்டே ஒண்டைத்தான் காட்டினது: வோட்டுப் போட்டவைக்குள்ள பல நூறு பேர், ஸ்ட்ரைக் தொடங்க முதலே கொம்பனியை விட்டு விலகப்போற ஆக்கள். வயல் வித்துப்போட்டுப் போறவரும் அடுத்த போகத் தண்ணிக்குக் கை தூக்கினது மாதிரி. அவையின்ர வோட்டைக் கழிச்சாலும் ‘ஓம்’ தான் வெண்டிருக்கும், ஆனாலும் டிசம்பர் 17 கோர்ட் தடை போட்டது, முழு வோட்டும் செல்லாது.

திரும்ப வோட்டு வச்சு 2010 மார்ச்சில ஸ்ட்ரைக் நடந்தது. பேந்து மே மாசம் இன்னொரு தரம் கோர்ட். இந்தமுறை குற்றம் என்னெண்டா, முடிவை அங்கத்தவருக்கு அறிவிக்கேக்க பழுதான வோட்டு எத்தினை எண்டு ஒழுங்காச் சொல்லேல்லையாம். பழுதானது மொத்தம் 11. ஆயிரக்கணக்கான வோட்டில 11. அதுக்கும் தடை போட்டாச்சு, மூண்டு நாளில மேல்முறையீட்டுக் கோர்ட் ‘இது சரிவராது’ எண்டு தடையை எடுத்தது. சங்கக் கணக்குக் கொப்பி எழுதுற செயலாளர்மார் ஆரும் இதை வாசிச்சா ராத்திரிக்கு நித்திரை வராது.

மூண்டாவது வோட்டு: உண்மையான மனசு தெரியிற இடம்

தலைவர்மார் கொம்பனியோட பேசி ஒரு ஒப்பந்தம் கொண்டுவருவினம். அது அப்ப தற்காலிகம்தான், கலியாணம் பேசி முடிச்ச மாதிரி, தாலி ஏறேல்லை. அங்கத்தவர் வோட்டுப் போட்டு ஏற்றாத்தான் செல்லும். இதில 99 அனேகமா வராது, ஏனெண்டா இது கொம்பனிக்குப் பலம் காட்டுற வோட்டில்லை, சொந்தச் சம்பளக் காசைப் பாத்துப் போடுற வோட்டு. எயார் கனடா பைலட்மார் 98 வீதம் ஸ்ட்ரைக்குக்கு எண்டவை, ஒப்பந்தத்தை 67 வீதம்தான் ஏற்றவை. யுனைரெட் கொம்பனிப் பணியாளர் 2024இல 99.99 வீதம் ஸ்ட்ரைக்குக்கு அனுமதி, 2025 யூலையில சங்கம் கொண்டுவந்த ஒப்பந்தத்தை 71 வீதம் தூக்கி எறிஞ்சினம், சங்கமே நல்லது எண்டு சொன்ன ஒப்பந்தத்தை.

எயார் கனடாவில 2025 ஒகஸ்ட் ஒப்பந்தத்தின்ர சம்பளப் பகுதிக்கு மட்டும் செப்ரெம்பரில வோட்டு. 99.1 வீதம் ‘இல்லை’. திரும்பக் குறூப்பில வொய்ஸ், ‘ரெண்டாவது ஸ்ட்ரைக் வருது’. வரேல்லை. ஏனெண்டா தோத்தா மத்தியஸ்தம், அதுவும் சரிவராட்டி நடுத்தீர்ப்பு, ஸ்ட்ரைக் இல்லை எண்டு ஒகஸ்டிலயே ரெண்டு பக்கமும் ஒத்துக்கொண்டு கையெழுத்து வச்சாச்சு. 99 எண்ட இலக்கத்தைக் கண்டாலே பதறுற சனம் அது ‘ஓம்’ 99ஓ ‘இல்லை’ 99ஓ, எந்தக் கேள்விக்கு 99ஓ எண்டு பாக்கிறேல்லை.

பெக்கோ மீற்றர்

அப்ப அவை என்னத்துக்குத்தான் சண்டை பிடிச்சவை? சம்பளம் எண்டு பொதுவாச் சொல்லலாம், ஆனா அதுக்குள்ள ஒரு விசயம்தான் சனத்துக்குச் சுட்டது.

பெக்கோ பிடிச்சா மணித்தியாலக் கணக்கு. வாய்க்காலில வாளி இறங்கினாப் பிறகுதான் மீற்றர் எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. ஒப்பரேட்டர் காலமை அஞ்சு மணிக்கு வந்து எண்ணெய் பாத்து, கிறீஸ் அடிச்சு, சேத்துக்கால அதை ஓட்டிக்கொண்டு வந்து, காணிக்காரர் எல்லைக்கல்லைத் தேடி முடியுமட்டும் வெய்யிலுக்க நிக்கிறார். அதுக்கு ஒரு சதமும் இல்லை. ஒப்பரேட்டர் சம்மதிப்பாரோ?

விமானப் பணியாளருக்கு அங்க நடந்தது அதுதான். பிளேன் நகரத் தொடங்கினாத்தான் மணித்தியாலக் கூலி. நீங்கள் கதவால ஏறேக்க சிரிச்சுக் கும்பிட்டு, மேல பெட்டி வைக்க இடம் தேடித் தந்து, அழுகிற பிள்ளைக்கு வழி பாத்து, சீற் மாறி இருக்கிற ஆளோட வாக்குவாதப்பட்டு நிக்கிற அந்த நேரம் முழுக்கக் கூலி இல்லை. பிளேன் பழுதெண்டு ரெண்டு மணித்தியாலம் வாசலிலயே நிண்டா, அதுக்கும் இல்லை. இஞ்சயிருந்து கறிவேப்பிலையும் மீன்கருவாடும் கட்டிக்கொண்டு போற எங்கட ஆக்கள் அந்தப் பெட்டியை மேல தள்ள உதவி கேட்டிருப்பம்தானே, அது அவையின்ர இலவச நேரம்.

இதில ஒரு வேடிக்கை. ஏறுற நேரத்துக்குக் கூலி எண்டு அமெரிக்காவில பெரிய கொம்பனியளுக்குள்ள முதல் குடுத்தது டெல்ரா, 2022இல, மணித்தியாலக் கூலியின்ர பாதி. அதே 328 வோட்டால சங்கம் தோத்த கொம்பனிதான். பாத்தியளோ சங்கம் இல்லாமலே கிடைக்குது எண்டு ஒரு பக்கம் சொல்லுகினம், திரும்பச் சங்கம் வைக்க ஆக்கள் கையெழுத்துச் சேக்கிறதால பயந்து குடுத்தது எண்டு மற்றப் பக்கம். எனக்கென்னவோ ரெண்டாவது கதை கொஞ்சம் உண்மை மாதிரித்தான் படுது.

ரிக்கெற் எடுத்தவை என்னத்தைப் பாக்கிறது

செய்தி வந்தா முதல் எந்த வோட்டெண்டு பாருங்கோ. பேந்து, கனடாவெண்டா 72 மணித்தியால அறிவித்தல் குடுத்தாச்சோ எண்டு. அது குடுக்காட்டி ரிக்கெற்றை மாத்தி மாத்திக் காசைக் கொட்டத் தேவையில்லை.

பிறகு, உங்கட பிளேனை ஓட்டுறது ஆர்? ரிக்கெற்றில ஒரு கொம்பனி இலக்கம் இருக்கும், கீழ சின்ன எழுத்தில வேற கொம்பனி ஓட்டுது எண்டு போட்டிருக்கும். 2025 ஒகஸ்டில எயார் கனடா எக்ஸ்பிரஸ் எண்டு பேர் போட்ட சின்னப் பிளேனுகள் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஏனெண்டா அதை ஓட்டுறது வேற கொம்பனி, வேற பணியாளர். மறுபக்கம், கொழும்புக்கு வாறது வேற கொம்பனியெண்டாலும் ரொறன்ரோவில இருந்து லண்டன் வரைக்கும் கொண்டுவாற துண்டு ஸ்ட்ரைக் கொம்பனியெண்டா நீங்கள் லண்டனுக்கே வந்து சேரமாட்டியள். ரெண்டு துண்டும் ஒரே ரிக்கெற்றா, தனித்தனியா எடுத்ததா எண்டதும் முக்கியம், ஒரே ரிக்கெற்றெண்டா மாத்தித் தாற பொறுப்பு கொம்பனிக்கு, தனித்தனி எண்டா ரெண்டாவது துண்டு போனது போனதுதான்.

பெரியம்மாவின்ர மகள் சொன்ன திகதிக்கே வெளிக்கிட்டா. கட்டுநாயக்காவுக்குப் போற வானுக்குள்ள பெட்டியெல்லாம் ஏத்தி முடிஞ்சு, பெரியம்மா வேலிப் படலையில பிடிச்சுக்கொண்டு நிண்டா. நான் இந்தக் கூலிக் கதையை முதல் நாள் ராத்திரிதான் அவவுக்குச் சொன்னனான்.

“அப்ப அந்தப் பிள்ளையளுக்கு இனியாவது கதவு மூட முதல் நிக்கிறதுக்கும் காசு வருமோ?”

“வரும் பெரியம்மா, பாதியில தொடங்கி வருசா வருசம் கொஞ்சம் கூடுமாம்.”

“பாதியோ,” எண்டா. பேந்து வானுக்குள்ள எட்டிப் பாத்து மகளிட்டச் சொன்னா, “பிள்ளை, உந்த மாப் பெட்டியை நீயே தூக்கி மேல வை, அதுகளைக் கேக்காத.”